கொள்ளிடக் கரையின் கணீர்க்குரலான்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பறவைப் பட்டியலில் புதிய இனம் ஒன்றைச் சேர்த்தவன் என்ற பெருமை எனக்கு ஏறத்தாழ ஏழு வாரங்கள் இருந்தது. அந்த ஏழு வாரங்களுக்குள் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தப்பட்டது. ஒரு பட்டம் வழங்கப்பட்டது. என் பெயர் ஒரு துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் அச்சானது. எட்டாவது வாரம், அந்தப் பறவை ஒரு கடலை எண்ணெய் டின் என்பது தெரியவந்தது. எனக்கு மட்டும் தெரியவந்திருந்தால் யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பேன். தாசில்தாரின் முன்னிலையில், என் கையெழுத்தை நானே உரக்கப் படித்து, அரசாங்க முத்திரையுடன் அது மெய்ப்பிக்கப்பட்டதால் ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். நான் விலங்கியலில் பட்டம் பெற்று, வேலை எதுவும் கிடைக்காமல், சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற தீராத வேட்கையுடன் கும்பகோணத்தில் திரிந்துகொண்டிருந்தேன். (வேலை கிடைக்காத பட்டதாரிகளிடமிருந்து சமூகம் தப்பிக்க அன்று வழியே இல்லை.) எதைச் செய்வதற்கு முன்னும் அதன் விளைவுகளை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம். சாதகம் இடப்பக்கம், பாதகம் வலப்பக்கம். முடிவெட்டிக்கொள்வது பற்றி ஒரு முறை எழுதி முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள்.

மாவட்டமே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. உச்சவரம்பு என்றார்கள், குத்தகைப் பதிவு என்றார்கள். யார் நிலத்தில் யார் கொடி நடுவது என்பதற்குத் தினம் ஒரு ஊரில் அடிதடி. எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, ஒருவராவது மேலே பார்க்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன பட்டியலில் இல்லாத ஒரு பறவையை நம் காட்டில் கண்டுபிடித்து, அதற்குத் தூய தமிழில் பெயர் சூட்டுவது என்று தீர்மானித்தேன். பெயர்தான் எனக்கு முதலில் கிடைத்தது: 'கணீர்க்குரலான்.' பறவை மட்டும் பாக்கி.

துணைக்கு வந்தவன் என் கல்லூரித் தோழன் அபூபக்கர். கூத்தாநல்லூர்க்காரன், எங்களுக்குப் பக்கர். அவன் மச்சான் பினாங்கிலிருந்து கொண்டுவந்த பைனாகுலர் ஒன்று அவனிடம் இருந்தது. அதன் இடது கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்ததால், அந்தக் கண்ணுக்கு எப்போதும் மார்கழி மாதம். பறவைகளைப் பற்றிப் பக்கருக்கு இருந்த அறிவு முழுவதும் தட்டில் வைத்துப் பெற்றது.

"காடை உண்டா அங்க?" என்றான்.

"பார்ப்பதற்குத்தான் போகிறோம், பக்கர்."

"பாத்துட்டு?"

"குறிப்பெடுப்போம்."

"எளுதி வச்சா வயிறு நெறயுமாடா?" என்று கேட்டுவிட்டு வந்தான். பைனாகுலரைத் தனியாக அனுப்ப அவனுக்கு மனமில்லை.

என்ன நிறத்தில் சட்டை அணிவது என்பதில் மட்டும் இரண்டு நாள் போயிற்று. பறவை பார்ப்போர் கண்ணை உறுத்தாத நிறம் அணிய வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகம் எழுதியவர் தமிழ்நாட்டில் தேர்தலைப் பார்த்ததில்லை. சிவப்பு அணிந்தால் நிலத்தில் கொடி நட வந்தவன். கறுப்பு அணிந்தால் சாமி சிலையிடம் வழக்குக்கு வந்தவன். இரண்டையும் சேர்த்து அணிந்தால் ஆளுங்கட்சி. மனு கொடுக்கக் கூட்டம் கூடிவிடும். பச்சை அணிந்தால் தன் கட்சியில் ஆள் சேர்ந்துவிட்டதாகப் பக்கர் ஊருக்குக் கடிதம் போடுவான். வெள்ளை தலைவர்களுக்கு உரியது. காக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இறுதியில் இரண்டு வெள்ளைச் சட்டைகளைத் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தேன். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிறம் கிடைத்தது. அதற்குக் காரணம் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பதே.

பாபநாசத்தில் பேருந்திலிருந்து இறங்கி வடக்கே நடந்தோம். கொள்ளிடக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள படுகையில் மூங்கிலும் மருதமும் நாவலும் அடர்ந்த காடு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கரைமேல் ஏறும்போதே குடையைக் கைப்பிடியில் மாட்டிய சைக்கிளுடன் ஒருவர் வழி மறித்தார். அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் காரியஸ்தர், ரெங்கசாமி.

"எந்த ஆபீசு?" என்றார்.

"ஆபீஸ் இல்லைங்க. பறவை பார்க்க வந்தோம்."

"சங்கமா?"

"இல்லைங்க."

"அப்ப எந்தக் கட்சி?"

"பறவைங்க," என்றேன்.

அவர் எங்கள் சட்டைகளை மேலும் கீழும் பார்த்தார். நிலத்தில் கொடி நட வந்த ஆட்கள் இல்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் தெளிந்தது. "தாராளமா பாருங்க தம்பி. ஐயாவோட சொந்தக் காடு. உள்ள மனுச நடமாட்டமே கெடையாது. ஒரு சாகுபடி, ஒரு வெள்ளாமை, ஒண்ணும் கெடையாது. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க."

பறவை பார்க்க வந்தவர்களிடம் சாகுபடி இல்லை என்று எதற்காக இத்தனை அழுத்திச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. கடமை தவறாதவனாக, குறிப்பேட்டின் முதல் வரியில் அதை எழுதிக்கொண்டேன்: 'காலை 6.45. காட்டில் மனித நடமாட்டம் இல்லை எனக் காரியஸ்தர் கூறினார்.'

உள்ளே நூறு அடி நடந்ததும் ஒரு சோளக்கொல்லை இருந்தது.

மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம், கதிர் முற்றி நின்ற நல்ல விளைச்சல். நடுவில் நான்கு கால் நட்ட பரண். பரண்மேல் ஒரு நடுவயதுப் பெண், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"யாரு அது? கண்ணுல கொழாய வச்சிக்கிட்டு யாரப் பாக்குறீங்க?"

"பறவை பார்க்க வந்திருக்கோம்மா," என்றேன்.

"என்னாத்த?"

"பறவைம்மா. கிளி, குருவி…"

"நல்லா இருக்கு ஞாயம்! நான் விடிஞ்சதுலேர்ந்து வெரட்டிக்கிட்டுக் கெடக்குறேன், நீங்க பஸ் ஏறிப் பாக்க வந்தீங்களா? எத்தினி வேணும்? மொத்தமா ஓட்டிக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்!"

பக்கர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு புதிய இனம் இந்தக் காட்டில் இருக்குமானால் அது இந்த அம்மாளின் குரலைக் கேட்டே இடம்பெயர்ந்திருக்கும் என்ற கவலை எனக்கு. அப்போதுதான் தலைக்கு மேல், ஒரு மருத மரத்தின் உச்சியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

டண் டண் டண், டடண்.

கொல்லையில் இறங்கியிருந்த கிளிக்கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"தகரம் மாதிரி இருக்கேடா," என்றான் பக்கர்.

அவனுக்கு நான் பொறுமையாக விளக்கினேன். செம்மார்புக் குக்குறுவான் என்றொரு பறவை இருக்கிறது. செம்புப் பாத்திரத்தில் சுத்தியலால் தட்டுவது போலக் கத்தும். அறிவியல் உலகமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. செம்பு போல் கத்தும் பறவை இருக்கலாம் என்றால், தகரம் போல் கத்தும் பறவை ஏன் இருக்கக் கூடாது? மேலும், அது கத்தியவுடன் மற்ற பறவைகள் அஞ்சிப் பறந்தன. ஆகவே அது வேட்டைப் பறவை. வேட்டையாடும் குக்குறுவான் உலகத்தில் எங்குமே இல்லை. ஆகவே இது புதியது. (என் தர்க்கத்தில் இன்றுவரை யாரும் பிழை கண்டதில்லை. தொடங்கிய இடம் மட்டும்தான் தவறு.)

பைனாகுலரை வாங்கி உச்சியை நோக்கினேன். இலைகளுக்கு நடுவே வெள்ளியாக ஏதோ மின்னியது. உடனே எழுதினேன்: 'உடல் வெள்ளி நிறம். பருத்தது. இறகு புலப்படவில்லை. கால்கள் மடக்கப்பட்டிருக்கலாம். வால் மிக மெல்லியது, மிக நீளமானது. கயிறு போல் அடுத்த மரம்வரை செல்கிறது.'

"அடுத்த மரம்வரைக்குமா வாலு?" என்றான் பக்கர், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

"அதனால்தான் புதிய இனம்."

"அல்லாவே," என்று சொல்லிவிட்டுப் பக்கர் நாவல்மர நிழலில் படுத்துக்கொண்டான்.

அன்று மாலைவரை அந்த மரத்தடியை விட்டு நான் நகரவில்லை. ஒவ்வொரு முறை குரல் கேட்டபோதும் நேரம் குறித்தேன். இடையூறுகளையும் குறித்தேன். இடையூறு என்றால் பெரும்பாலும் அந்த அம்மாள்தான். நான் மூன்று முறை பரணருகே சென்று, சற்றே அமைதியாக இருக்க முடியுமா என்று வேண்டினேன். மூன்றாம் முறை அவர் பரணிலிருந்து பாதி இறங்கிவிட்டார்.

"எங் கொல்லையில ஒக்காந்துகிட்டு என்னையே வாய மூடச் சொல்றீங்களா? மாமியா காலத்துலேர்ந்து உழுதுகிட்டு இருக்கோம் தம்பி. சொல்லி வுட்டது யாரு, அந்தக் காரியஸ்தனா?"

நான் காரியஸ்தர் அனுப்பிய ஆள் இல்லை என்றும், அறிவியல் அனுப்பிய ஆள் என்றும் சொன்னேன். அறிவியல் எந்த ஊர் என்று கேட்டார். அதையும் எழுதிக்கொண்டேன். அவர் கையில் ஒரு கயிறு இருந்தது; 'மாடு கட்டும் கயிறாக இருக்கலாம்; மாடு தென்படவில்லை' என்றும் எழுதிக்கொண்டேன். பிற்பகலில் உயரமான இடத்திலிருந்து பார்ப்பதற்காக நாவல்மரத்தில் ஏறி, முசுறு எறும்புக் கூடு ஒன்றில் முழங்கையை வைத்து, ஏறியதைவிட மிக விரைவாக இறங்கியதை மட்டும் எழுதவில்லை. எழுத முடியாத அளவுக்குக் கை வீங்கியிருந்தது.

ஊர் திரும்பியதும் செய்தி பரவியது. பரப்பியவன் நான்தான். எங்கள் தெருவில் ஒரு தமிழ் மன்றம் இருந்தது. அக்காலத்தில் பொன்னாடை கைவசம் இருந்து, போர்த்த ஆள் கிடைக்காமல் மன்றங்கள் தவித்துக்கொண்டிருந்தன. மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 'கணீர்க்குரலான்' என்ற பெயரைக் கேட்டதுமே அவர் கண் கலங்கிவிட்டார். பறவை எப்படி இருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. 'பைந்தமிழ்ப் படுகையில் புதுப்பறவை கண்ட பறவையியல் பரிதிக்குப் பாராட்டு விழா' என்று துண்டறிக்கை அடித்து, விழா எடுத்து, பொன்னாடை போர்த்தினார். தமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் காலியாவதாகவும், பரிதியை அங்கே உதிக்கச் செய்வதாகவும் மேடையிலேயே அறிவித்தார்.

எட்டாவது வாரம், ஒரு காலை நேரத்தில், பரணில் இருந்த அந்த அம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்களை விசாரித்துக்கொண்டு கும்பகோணத்தில் அலைந்தவரைக் கண்டு கூட்டிக்கொண்டு வந்தவன் பக்கர். அவன் முகம் விசித்திரமாக இருந்தது. சிரிப்பை அடக்குகிறவன் முகம் என்று பிறகு புரிந்தது.

"தம்பி, எம் பேரு காத்தாயி. அன்னிக்கு எங் கொல்லைக்கு வந்து நோட்டுல எளுதி எளுதி எடுத்துட்டுப் போனீங்கள்ல? அந்த நோட்டு இருக்கா?"

"இருக்கும்மா. ஏன்?"

அவர் நின்றபடியே சொன்னார். நிலத்தை உண்மையில் உழுகிறவர் யார் என்று அரசாங்கம் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தது. பெயர் ஏறிவிட்டால் குத்தகைக்காரரை யாரும் அசைக்க முடியாது. அதனால் பெயர் ஏறுவதற்கு முன்பே அசைத்துவிடுவது என்று சில மிராசுதார்கள் முடிவு செய்திருந்தார்கள். காத்தாயி மனுப் போட்டதும் காரியஸ்தர் ஆட்களோடு வந்து பரணைப் பிரித்து, சோளத்தட்டையைக் கொளுத்தி, இடத்தை முள் போட்டு மூடிவிட்டார். ஊர்க் கணக்குப்பிள்ளையின் கணக்கில் அந்த இடம் எப்போதும் 'மரக்காடு'தான். அக்கம்பக்கத்தார் எல்லாரும் மிராசுதாரிடம் கூலிக்குப் போகிறவர்கள். சாட்சி சொன்னால் மறுநாள் அடுப்பு எரியாது.

"நான் அங்க உழுதேன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல தம்பி. ஒரு காயிதம் இல்ல. நீங்க எளுதுனதுதான் இருக்கு. பேரு ஏறலன்னா நானும் எம் மவளும் ஊர விட்டுப் போவ வேண்டியதுதான்."

"ஆனால் நான் எழுதியது பறவையைப் பற்றித்தானேம்மா?"

காத்தாயி பக்கரைப் பார்த்தார். பக்கர் தரையைப் பார்த்தான்.

"அது பறவ இல்ல தம்பி," என்றார் அவர், துக்கவீட்டில் பேசுகிற குரலில். "எண்ண டின்னு. உள்ளாற ஒரு கட்டையக் கட்டி மரத்து உச்சியில தொங்க வுட்டிருந்தேன். கிளி எறங்குறப்ப பரண்லேர்ந்து கயித்த இளுத்தா அடிக்கும். நாந்தான் இளுத்தேன்."

நான் குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் புரட்டினேன். பிறகு, "ஒவ்வொரு முறையும் நீங்கள்தானா?" என்று கேட்டேன். ஏதாவது ஒரு முறையாவது பறவையாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம்.

"எல்லாம் நாந்தான்."

"பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அது ஓய்வெடுத்ததே?"

"சோறு தின்னேன் தம்பி."

பக்கர் அதற்கு மேல் தாங்க முடியாமல் தெருவுக்கு ஓடினான். எதிர் வீட்டுச் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து அவன் சிரித்தது மூன்று வீடுகளுக்குக் கேட்டது.

அன்று தாளை எடுத்து இரண்டு பத்தி பிரித்தேன். வலப்பக்கம் பாதகங்களை எழுதினேன்: பொன்னாடை, பட்டம், ஆசிரியர் வேலை, பெண் பார்க்கும் இடங்களில் வரக்கூடிய பேச்சு, தெருவில் நடமாட்டம். பக்கம் நிரம்பிவிட்டது. இடப்பக்கம் 'காத்தாயி' என்று ஒரு சொல் எழுதினேன். அதற்குக் கீழே எழுத எதுவும் இல்லை. பல நிமிடங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய இரண்டு பத்தி முறையில் ஏதோ அடிப்படைக் கோளாறு இருக்கிறது என்று அன்றுதான் முதன்முதலாக எனக்குச் சந்தேகம் வந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன்.

விசாரணை நாளன்று தாசில்தாரின் அறை நிரம்பி வழிந்தது. வழக்கமாக வருகிறவர்களோடு, பக்கர் வழிநெடுக விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்ததால் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மிராசுதார் வரவில்லை, அவருக்காகக் காரியஸ்தர் ரெங்கசாமி நின்றார். தாசில்தார் மெலிந்த மனிதர். சிரிப்பது பணி விதிகளுக்கு மாறானது என்று நம்புகிறவர் போலத் தெரிந்தார்.

"குறிப்பேட்டைப் படியுங்க," என்றார்.

படித்தேன். 'காலை 7.20. புதிய குரல், நான்கு முறை. கிளிகள் அஞ்சி ஓடின. ஆகா! 7.35. மீண்டும். 8.10. பரண்மேல் உள்ள பெண்மணியால் தொல்லை. மாமியார் காலத்திலிருந்து உழும் கொல்லை என்று இரைகிறார். பறவை ஓய்ந்தது.'

"அவங்க உங்களோட பேசிக்கிட்டு இருந்தப்ப பறவை கத்தலையா?"

"இல்லை சார்."

"மேலே."

'பகல் 12.45. குரல் இல்லை. பெண்மணி உணவு உண்கிறார். இயற்கையின் விந்தை! பறவையும் மனிதரும் ஒரே வேளையில் ஓய்கின்றனர். 1.25. பெண்மணி கை கழுவினார். குரல் தொடங்கிற்று.'

அறையின் பின்பக்கத்திலிருந்து ஓர் ஓசை எழுந்தது. ஒரு குமாஸ்தா மேசைக்குக் கீழே எதையோ தேடுவதற்காகக் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. 'வால், கயிறு போல்' என்ற இடம் வந்தபோது தாசில்தார் கையை உயர்த்தினார்.

"கயிறு மாதிரின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்பக்கூடத் தோணலையா?"

"தோணலை சார்."

"ஏன்?"

"நம்பிக்கை சார்."

காரியஸ்தர் எழுந்தார். அவர் என்னை இழிவுபடுத்துவார் என்று எதிர்பார்த்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் செய்தது அதைவிடக் கொடுமையானது; என்னைப் புகழ்ந்தார்.

"சார், இந்தத் தம்பி யாரு? பட்டதாரி. வெலங்குப் படிப்பே படிச்சவரு. மூஞ்சியப் பாருங்க, என்னா களை, என்னா அறிவு! இம்மாம் படிச்ச புள்ள ஒரு டப்பாவப் போயி பறவைன்னு நெனச்சிருக்கும்னா நீங்க நம்புறீங்களா? எங்க வீட்டுக் கண்ணுக்குட்டி நம்பாது சார். இது அந்தப் பொம்பளையோட சேந்து பின்னாடி ஜோடிச்ச நோட்டு."

என் வாழ்நாளில் ஒரு பொது இடத்தில் என்னை அறிவாளி என்று ஒருவர் மனமார வாதாடியது அதுவே முதல் முறை. இன்றுவரை கடைசி முறையும்கூட. பின்னால் நின்ற காத்தாயியைத் திரும்பிப் பார்த்தேன். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதிர்த்தரப்பு உங்களைப் புத்திசாலின்னு சொல்லுது," என்றார் தாசில்தார். "உங்க பதில்?"

"மறுக்கிறேன் சார்," என்றேன்.

காரியஸ்தர் விடவில்லை. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒன்றைக் காட்டி, "இது என்னா தம்பி?" என்றார்.

"காக்கை."

"பாத்தீங்களா சார்! கரெக்டா சொல்றாரு!"

நிலைமை மோசமாகிவிட்டது. அப்போது பக்கர் முன்னால் வந்தான். "சார், நான் அன்னிக்குக் கூட இருந்தவன். அஞ்சு வருசமா இவனத் தெரியும். காக்கா இவனுக்குத் தெரியுமுங்க, பழகுன பறவை. புதுசா எதையாவது பாத்தாத்தான் தடுமாறிடுவான். போன தீபாவளிக்கு ஜவுளிக்கடை வாசல்ல நின்ன பொம்மகிட்ட மணி கேட்டான் சார். ரெண்டு தடவ."

"ஏன் ரெண்டு தடவை?"

"மொதத் தடவ பதில் வரலியேன்னு."

குமாஸ்தா மறுபடியும் மேசைக்குக் கீழே போனார். பக்கர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தாசில்தாரின் முன்னால் விரித்தான். பாராட்டு விழாத் துண்டறிக்கை. "இவன் அத நெசமாவே பறவைன்னு நம்புனதுக்கு அத்தாட்சி சார். தேதியப் பாருங்க. இந்தம்மா மனுப் போடறதுக்கு முன்னாடியே இவனுக்குப் பொன்னாட போத்தியாச்சு."

தாசில்தார் துண்டறிக்கையை முழுவதும் படித்தார். 'பறவையியல் பரிதி' என்ற இடத்தில் சற்று நின்றார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை; ஓர் ஆவணத்தின் உண்மைத்தன்மையைச் சோதித்து, அது அசல்தான் என்று கண்டுகொண்ட அலுவலரின் நிறைவு இருந்தது.

ஆணை பத்து நாளில் வந்தது. அப்போது அரசாணைகளைத் தமிழில் எழுதும் ஆர்வம் மேலோங்கியிருந்ததால் அதன் ஒவ்வொரு சொல்லும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது. இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்: 'சாட்சி, காலை முதல் மாலை வரை ஒரு தகர டப்பாவைப் பறவையென நம்பி உற்று நோக்கியவர். இதற்காகப் பாராட்டும் பெற்றவர். இத்தகைய ஒருவர் பொய்யாக ஓர் ஆவணத்தைப் புனையும் திறன் படைத்தவர் என்ற எதிர்த்தரப்பின் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஆகவே குறிப்பேடு முற்றிலும் நம்பத்தக்கது. மனுதாரர் பெயர் சாகுபடியாளராகப் பதிவு செய்யப்படுகிறது.'

காத்தாயிக்கு யாரோ அதைப் படித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வெள்ளாமைக்கு வாங்க தம்பி. ரெண்டு டின்னு கட்டி வுடுறேன், சோடியாப் பாக்கலாம்," என்றார்.

ஆசிரியர் வேலை என்னைத் தேடி வரவில்லை. பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க மன்றத் தலைவரிடம் சென்றேன். கொடுத்த பட்டத்தைத் திரும்பப் பெறும் வழக்கம் மன்றத்தில் இல்லை என்றும், நான் பயன்படுத்தாமல் இருந்தாலே தமிழுக்குச் செய்யும் தொண்டு என்றும் சொல்லிவிட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, வேறு ஒரு வேலை கிடைத்து, பாபநாசத்தில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் தந்தை என்னைப் பற்றி ஊரில் விசாரித்தார். சந்தையில் சோளம் விற்றுக்கொண்டிருந்த காத்தாயியிடமும் விசாரித்திருக்கிறார். "அந்தத் தம்பியா? கண்ண மூடிக்கிட்டுக் குடுங்க. பொய் சொல்லாது. அதுக்கெல்லாம் மூள வேணும்ல?" என்று அவர் சொன்ன பதிலை என் மாமனார் அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தார். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெண், அதற்கு முன் வந்த நான்கு வரன்களும் மிகவும் கெட்டிக்காரர்கள் என்பதை எண்ணிப் பார்த்துச் சம்மதம் சொன்னாளாம். இதை அவளே எனக்குச் சொன்னாள், திருமணமான மறுநாள்.

இந்த நெடிய இல்வாழ்வில் ஒரே ஒரு முறைதான் பொய் சொல்ல முயன்றேன். சர்க்கரை நோய் வந்த புதிதில், மூடி வைத்திருந்த ஜாங்கிரி ஒன்று காணாமல் போன விஷயம். பூனை தின்றிருக்கும் என்று முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு சொன்னேன். மனைவி, இரண்டு மகள்கள், மருமகன் என்று, கைக்குழந்தையைத் தவிர வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒரே குரலில் தொடங்கினார்கள்: "இத்தகைய ஒருவர் பொய்யாக…"

ஆணை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அரசாணைக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும் அல்லவா.